கடலின் தரை விரிகிறது என்பதை யார் பார்த்தார்கள்?

கேள்வி: கடலின் தரை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் விரிகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். பல கிலோமீட்டர் ஆழத்தில், இருட்டில் நடப்பதை யார் பார்த்தார்கள்? ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு இதில் உண்மையிலேயே பங்கு உண்டா?

பதில்:

யாரும் பார்க்கவில்லை. எழுதிவைத்தார்கள். கப்பல் போகும் வழியெங்கும் நேரம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு, காந்தப்புலம் இவ்வளவு என்று இரவு பகலாகப் பதிந்த காகிதச் சுருள்கள் ஓரிடத்தில் சேர்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பதிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது எதற்குப் பயன்படப்போகிறது என்று அப்போது தெரியாது. இந்த வரலாற்றில் என்னை விடாமல் பிடித்திருப்பது அதுதான்.

நான் விஞ்ஞானி அல்ல. சிங்கப்பூரில் கடல் அளவைக் கப்பல்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழில்நுட்பராக இருந்தவன். அங்கே லோயாங் துறைமுகத் தளத்திலிருந்து கிளம்பி, கடலடிக் கேபிளும் எண்ணெய்க் குழாயும் போகவேண்டிய வழியை அளந்து கொடுப்போம். கடல்தள விரிவைக் காட்டிக்கொடுத்த கருவிகளில் முக்கியமான இரண்டு, எதிரொலி ஆழமானியும் காந்தமானியும். அவை இரண்டோடும் எத்தனையோ இரவுகளைக் கழித்திருக்கிறேன். எனவே அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் ஆழம். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பலில் கயிற்றின் நுனியில் எடை கட்டி இறக்கித்தான் அளந்தார்கள். ஆழ்கடலில் ஒரே ஓர் அளவு எடுக்கக் கப்பல் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். மூன்றரை ஆண்டில் கிடைத்தவை ஐந்நூறு அளவுகள் போலத்தான். அட்லாண்டிக்கின் நடுவே தரை மேடாக இருக்கிறது என்ற அளவுக்கு அதிலிருந்தே தெரிந்துவிட்டது. ஆனால் அது எப்படிப்பட்ட மேடு என்று தெரியவில்லை.

பிறகு ஒலி வந்தது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். தரை 4,000 மீட்டர் ஆழத்தில் இருந்தால், கப்பலிலிருந்து போன ஒலி திரும்பிவர ஐந்து வினாடிக்குச் சற்று மேல் ஆகும். கப்பலை நிறுத்தவே வேண்டியதில்லை. 1925 முதல் 1927 வரை ஜெர்மனியின் மீட்டியோர் கப்பல் தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் மறுக்குமாகக் கடந்து 67,000 அளவுகளுக்கு மேல் எடுத்தது. நடுவில் இருந்தது வெறும் மேடல்ல, கரடுமுரடான மலைத்தொடர் என்று அப்போது தெரிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் ஆழமானி காகிதத்தில்தான் வரையும். முள் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் காகிதம் மெல்லப் பொசுங்கி ஒரு புள்ளி விழும். புள்ளிகள் சேர்ந்து கோடாகும்; அந்தக் கோடுதான் கடலின் தரை. மூடிய அறையில் பொசுங்கல் வாசனை நிறைந்திருக்கும், சட்டைக் கை கறுத்துப்போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பென்சிலால் கோடு கிழித்து நேரத்தை எழுத வேண்டும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். முதல் வாரத்தில் நான் தூங்கிப்போய் இரண்டு குறிகளைத் தவறவிட்டேன். அண்ணன் திட்டவில்லை. காகிதத்தைக் கையில் எடுத்து, "தம்பி, இந்தப் பத்து நிமிடக் கடல் இனி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது" என்றார். அன்றைக்கு அது கண்டிப்பாகத்தான் பட்டது. மேரி தார்ப்பைப் பற்றிப் படித்த பிறகுதான் அதன் பொருள் முழுதாகப் புரிந்தது.

தார்ப் நியூயார்க் அருகேயுள்ள லாமண்ட் ஆய்வகத்தில் வரைபடம் வரைந்தவர். அந்தக் காலத்தில் அங்கே பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றுவதில்லை. புரூஸ் ஹீசனும் மற்றவர்களும் கடலுக்குப் போய் அளவுகளைக் கொண்டுவருவார்கள். தார்ப் மேசையில் உட்கார்ந்து அவற்றை மலையாகவும் பள்ளமாகவும் மாற்றுவார். 1952இல் வட அட்லாண்டிக்கின் ஆறு குறுக்குவெட்டுகளை வரைந்து ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினார். மலைத்தொடரின் உச்சியில், ஏறத்தாழ ஒரே இடத்தில், ஆங்கில வி எழுத்தைப் போல ஒரு வெட்டு விழுந்திருந்தது. தரை அங்கே இரண்டாகப் பிளந்து விலகுகிறது என்று அவர் சொன்னார். ஹீசன் ஏற்கவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை அமெரிக்கப் புவியியலாளர்கள் கிட்டத்தட்ட மதக்கொள்கைக்கு எதிரானது போல ஒதுக்கிவைத்திருந்த காலம் அது.

அதே ஆய்வகத்தில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்பவர், கடலடிக் கேபிள்கள் ஏன் அறுகின்றன என்ற கேள்விக்காக அட்லாண்டிக்கின் நிலநடுக்க மையங்களை வேறொரு தாளில் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது நிலநடுக்கப் புள்ளிகள் தார்ப் வரைந்த பள்ளத்துக்குள்ளேயே வரிசையாக விழுந்தன. கேபிளுக்காகக் குறித்த புள்ளிகள் கண்ட நகர்வுக்குச் சாட்சியாகிவிட்டன. கேபிள் வழி அளந்தே வாழ்ந்தவன் என்பதால் இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் நிறுத்தி நிதானமாகப் படிப்பேன்.

அந்தப் பள்ளத்தைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று கிளம்பியவர் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ. அவரும் தார்ப்பின் பள்ளத்தை நம்பவில்லை. கலிப்சோ கப்பலிலிருந்து கேமராவைக் கடலின் அடிக்கு இறக்கிப் படம் எடுத்தார். பள்ளம் அங்கேயே இருந்தது. 1959இல் நியூயார்க்கில் நடந்த கடலியல் மாநாட்டில் அந்தப் படத்தைத் திரையிட்டுக் காட்டினார். தார்ப் ஆய்வுப் பயணமாகக் கடலுக்குப் போக 1960களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

லாமண்ட் ஆய்வகத்தின் வேமா கப்பலைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் போக மனம் வரவில்லை. 1923இல் டென்மார்க்கில் ஒரு செல்வந்தருக்காகக் கட்டிய மூன்று பாய்மர உல்லாசக் கப்பல் அது. 1953இல் ஆய்வகத்தின் கைக்கு வந்து, பத்து லட்சம் கடல் மைலுக்கு மேல் ஓடியது. ஆய்வகத் தலைவர் மாரிஸ் யூயிங் ஒரு விதி வைத்திருந்தார்: கப்பல் எங்கே இருந்தாலும் நாளுக்கு ஒரு மண் உருளை எடுக்க வேண்டும், அளவைக் கருவிகள் நிற்காமல் ஓட வேண்டும். எதற்கு என்று கேட்டால் அன்று அவரிடமும் சரியான பதில் இருந்திருக்காது. கீழே இறக்கிய குழாய்க்குள் கடலடிச் சேறு அடுக்கு குலையாமல் ஏறும். அதை அப்படியே கிடங்கில் அடுக்கிவைத்தார்கள். இந்தச் சேற்றை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இதற்கிடையில் ஹாரி ஹெஸ் வருகிறார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கில் கேப் ஜான்சன் என்ற படைக் கப்பலுக்குத் தலைவராக இருந்த புவியியல் பேராசிரியர். ஆழமானியை ஓடவிட்டே போரை நடத்தினார் என்று சொல்லலாம். உச்சி தட்டையாகச் சீவப்பட்ட கடலடி மலைகள் வரிசையாக அகப்பட்டன. அலை சீவித் தட்டையாக்கிய மலை ஏன் இவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. கடல்தரை நடு மலைத்தொடரில் பிறந்து, இருபுறமும் நகர்ந்து, கடைசியில் அகழிகள் எனப்படும் மிக ஆழமான கடலடிப் பள்ளங்களில் மீண்டும் பூமிக்குள் இறங்குகிறது என்று 1962இல் வெளியான கட்டுரையில் எழுதினார். ஆதாரம் போதாது என்று அவருக்கே தெரியும். அந்தக் கட்டுரையை 'புவிக் கவிதை' என்றுதான் சொல்லிக்கொண்டார். கடல்தள விரிவு என்ற பெயரை 1961இல் சூட்டியவர் ராபர்ட் டியட்ஸ்.

கவிதையைக் கணக்காக்கியது காந்தமானி.

காந்தமானியை நாங்கள் மீன் என்போம். வால் துடுப்புள்ள நீண்ட உருளை. கப்பல் முழுக்க இரும்பு என்பதால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்குக் கயிற்றை விட்டு, மீனைப் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். நான் முதலில் கையாண்டதன் வயிற்றுக்குள் மண்ணெண்ணெய் போன்ற திரவம் இருந்தது, அதைச் சுற்றிக் கம்பிச்சுருள். சுருளில் மின்சாரம் விட்டு நிறுத்தினால், திரவத்திலுள்ள புரோட்டான்கள் பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றிப் பம்பரம்போலத் தள்ளாடும். புலம் வலுவாக இருந்தால் தள்ளாட்டம் வேகமாகும். சிங்கப்பூரைச் சுற்றிய கடலில் புலம் ஏறத்தாழ 42,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அதற்கு வினாடிக்கு 1,790 தள்ளாட்டம் போல வரும். அது காது கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது. பழைய கருவி ஒன்றில் காதொலிப்பானைச் செருகினால் மெல்லிய விசிலாகக் கேட்கும், இரண்டு வினாடி ஒலித்து அடங்கிவிடும். நள்ளிரவில் அந்த விசிலைக் கேட்டபடி, பூமியின் காந்தம் காதில் விழுகிறது என்று நினைத்துக்கொள்வேன். புதைந்த எஃகுக் குழாய்க்கு மேல் மீன் போகும்போது எண் திடீரென்று துள்ளும். எங்களுக்கு வேண்டியது அந்தத் துள்ளல் மட்டுமே. ஆழ்கடலில் வேண்டியது வேறு: பத்து இருபது கிலோமீட்டர் அகலத்துக்குப் புலம் சில நூறு நானோடெஸ்லா கூடி, அடுத்த பத்து இருபது கிலோமீட்டருக்குக் குறைகிற மெல்லிய ஏற்ற இறக்கம்.

1955இல் அமெரிக்க அரசின் பயனியர் என்ற அளவைக் கப்பல் கலிபோர்னியாவுக்கு மேற்கே, சில மைல் இடைவெளியில், உழவு சால் போல வரிவரியாக ஓடி ஆழம் அளந்துகொண்டிருந்தது. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் காந்தமானியையும் கட்டி இழுத்துப்போகட்டும் என்று ரொனால்ட் மேசன் அனுமதி வாங்கினார். ஆர்தர் ராஃபும் அவரும் 1961இல் வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்தால் வரிக்குதிரைத் தோல் நினைவுக்கு வரும். வலுவான புலம் ஒரு பட்டை, பலவீனமான புலம் ஒரு பட்டை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு. ஏன் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

விடை நம் இந்துப் பெருங்கடலிலிருந்து வந்தது என்பது தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. 1962இல் பிரிட்டிஷ் கடற்படையின் ஓவன் என்ற அளவைக் கப்பலில் டிரம்மண்ட் மேத்யூஸ், அரபிக் கடலின் தெற்கே ஓடும் கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரின் ஒரு சிறு பகுதியை நெருக்கமாக அளந்தார். கேம்பிரிட்ஜில் அவருடைய மாணவர் ஃபிரெட் வைன் அந்த எண்களைக் கணினியில் ஆராய்ந்தார். பூமியின் காந்த வடக்கும் தெற்கும் காலந்தோறும் இடம் மாறியிருக்கின்றன என்ற சான்று எரிமலைப் பாறைகளிலிருந்து அப்போதுதான் குவிந்துகொண்டிருந்தது. நடு மலைத்தொடரில் வெளிவரும் எரிமலைக் குழம்பு குளிரும்போது அன்றைய காந்தத் திசை அதற்குள் உறைந்துவிடும். தரை விரிந்துகொண்டே போனால், ஒரு திசையில் உறைந்த பட்டை, எதிர்த்திசையில் உறைந்த பட்டை என்று மாறி மாறி, உச்சியின் இருபுறமும் ஒரே வரிசையில் கிடக்க வேண்டும். 1963 செப்டம்பரில் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். கனடாவின் லாரன்ஸ் மார்லியும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன.

அப்படியும் பெரும்பாலோர் நம்பவில்லை. நம்பவைத்தது எல்டானின். அண்டார்டிகாவைச் சுற்றிய கடலில் ஆய்வுக்கு விடப்பட்ட பழைய கடற்படைச் சரக்குக் கப்பல் அது. அதன் பத்தொன்பதாம் பயணப் பகுதியில் தென் பசிபிக் மலைத்தொடரைக் கடந்தபோது பதிவான காந்தக் கோட்டை வால்டர் பிட்மன் என்ற ஆய்வு மாணவர் விரித்துப் பார்த்தார். உச்சிக்குக் கிழக்கே இருந்த ஏற்ற இறக்கமும் மேற்கே இருந்த ஏற்ற இறக்கமும் கண்ணாடி பார்த்ததுபோல ஒத்திருந்தன. தாளைத் திருப்பிப் பிடித்தாலும் அதே கோடு. அதை நீல் ஆப்டைக்கின் அறைக் கதவில் குத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

இப்போது அந்தச் சேற்றுக்கு வாருங்கள். ஆப்டைக் ஆராய்ந்துகொண்டிருந்தது கடலடி மண் உருளைகளைத்தான். மேலிருந்து கீழே போகப் போகச் சேற்றின் காந்தத் திசை மாறி மாறி வந்தது. அந்த மாறுதல்களின் வரிசையும், பிட்மனின் கோட்டில் உச்சியிலிருந்து விலகிப் போகப் போக வரும் பட்டைகளின் வரிசையும் ஒன்றாகவே இருந்தன. கலிபோர்னியாவில் ஆலன் காக்ஸ், ரிச்சர்ட் டோயல், பிரென்ட் டால்ரிம்பிள் ஆகியோர் நிலத்து எரிமலைப் பாறைகளுக்கு வயது கணித்துத் தயாரித்த அட்டவணையோடும் இரண்டும் பொருந்தின. காந்தத் திசையின் கடைசி முழுப் புரட்டு, இன்றைய கணக்கில், ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன். நிலத்துப் பாறை, நெட்டாக அடுக்கிய சேறு, கிடையாகக் கிடக்கும் கடல்தரை ஆகிய மூன்றும் ஒரே நாட்குறிப்பை வைத்திருந்தன. பிட்மனும் ஜேம்ஸ் ஹெர்ட்ஸ்லரும் 1966இல் வெளியிட்ட பிறகு எதிர்த்து நிற்பது கடினமாகிவிட்டது. காகிதமும் சேறும் அந்தக் கிடங்கில் இல்லாமல் போயிருந்தால் இந்தப் பொருத்தத்தை யாராலும் பார்த்திருக்க முடியாது.

ஒரே ஒரு வேலை மிச்சம்: தரையையே துளைத்து வயதைப் பார்ப்பது. 1968இல் கடலுக்கு வந்த குளோமர் சேலஞ்சர், நங்கூரம் எட்டாத ஆழத்தில் ஒரே இடத்தில் நின்று, கிலோமீட்டர் கணக்கில் குழாய் இறக்கித் துளையிடும் கப்பல். கடலடியில் ஒலிக் கருவியைப் போட்டு, அதன் ஒலியைக் கேட்டு, உந்துவிசிறிகளை இயக்கித் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். அதன் மூன்றாம் பயணம், 1968 டிசம்பரில் டக்காரிலிருந்து ரியோ டி ஜெனிரோவை நோக்கி, தென் அட்லாண்டிக் மலைத்தொடரின் இருபுறமும் துளையிட்டது. பாறையை ஒட்டிக் கிடக்கும் கடைசிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்ப் புதைபடிவங்களைக் கொண்டு வயது சொன்னார்கள். உச்சியிலிருந்து தொலைவு கூடக் கூட வயதும் அதே விகிதத்தில் கூடியது: ஒரு பக்கத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். 200 கிலோமீட்டர் தள்ளிப்போனால் ஒரு கோடி ஆண்டு. காந்தப் பட்டைகளை வைத்து முன்கூட்டியே சொன்ன வயதும் துளையிட்டு எடுத்த வயதும் ஒத்துப்போயின.

வயது என்றதும் சிங்கப்பூரில் உள்ள நம் புக்கிட் தீமா குன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் குன்றின் கருங்கல் டிரயாசிக் காலத்தது, இருபது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. பசிபிக், அட்லாண்டிக், இந்துப் பெருங்கடல் மூன்றிலும் எங்கே தேடினாலும் 18 கோடி ஆண்டுக்கு மேல் மூத்த தரையைப் பார்ப்பது அரிது. அதற்கு முந்தைய தரையெல்லாம் அகழிகளில் இறங்கிக் கரைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் 163 மீட்டர் ஏறி நீங்கள் கை வைக்கும் அந்தக் கல், பெருங்கடல்களின் தரையைவிட வயதில் பெரியது.

இறங்கிக் கரையும் தரையும் நமக்கு அண்டை வீட்டுக்காரர்தான். சுமத்ராவுக்குக் கீழே இறங்கும் தரை 2004 டிசம்பர் 26 அன்று நழுவியதில் வந்த அலைதான் நாகப்பட்டினம் வரை போனது. 2012 ஏப்ரல் 11 அன்று மாலை நாலே முக்கால் இருக்கும், எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாம் மாடியில் சாமிப்படத்துக்கு முன் தொங்கும் விளக்கு தானாக ஆடியது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். 8.6 அளவிலான அந்த நிலநடுக்கம் அகழியில் வரவில்லை. அதற்கு மேற்கே, இந்துப் பெருங்கடல் தரையில் வார்ட்டன் வடிநிலம் எனப்படும் பகுதியில் வந்தது. ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் விரிவதை நிறுத்திவிட்ட, செத்துப்போன ஒரு மலைத்தொடர் அங்கே புதைந்திருக்கிறது. விரிந்த காலத்தில் உண்டான பழைய பிளவுகளே அன்று மறுபடி அசைந்தன. அந்த மலைத்தொடர் இருந்தது எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டார். அங்கேயும் கப்பல்கள் மீனை இழுத்துப்போய்ப் பட்டைகளை எண்ணியிருக்கின்றன அம்மா என்றேன்.

குளோமர் சேலஞ்சருக்குப் பின் வந்த ஜாய்டெஸ் ரெசல்யூஷன் நம் ஊருக்கு வேண்டிய கப்பல். சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல்தளத்தில்தான் அதைப் பிரித்துப் புதுப்பித்தார்கள். 2009இல் மீண்டும் வேலைக்குப் போனது. நீர்மட்டத்துக்கு மேல் 62 மீட்டர் உயரம் நிற்கும் அதன் துளைக் கோபுரத்தை எங்கள் படகிலிருந்து பார்த்திருக்கிறேன், இருபது மாடி புளோக் ஒன்று தண்ணீரில் நிற்பதுபோல. 2014 நவம்பரில் இங்கிருந்தே கிளம்பி வங்காள விரிகுடாவில் பருவமழையின் வரலாற்றைத் துளையிட்டு எடுத்தது. 2024இல் அதை ஓய்வு கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அது கொண்டுவந்த இந்துப் பெருங்கடல் மண் உருளைகள் ஜப்பானின் கொச்சி நகரில் குளிர்கிடங்கில் இருக்கின்றன. ஒவ்வோர் உருளையையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்குக் கொடுக்கிறார்கள், மறு பாதியைத் தொடாமல் வைக்கிறார்கள்.

உலகக் கடல்தரையில் நவீன முறையில் அளந்து முடித்தது இன்னும் கால்வாசிக்குச் சற்று மேல்தான். லோயாங்கில் இப்போது வேலைக்கு வரும் இளையவர்கள் அவ்வப்போது என்னிடம் பேச வருகிறார்கள். வேலை முடிந்து கரைக்குத் திரும்பும் வழியில், ஒப்பந்தத்தில் இல்லாத அந்த இரண்டு நாளும், அனுமதி இருக்கும் கடலில் ஆழமானியை அணைக்காதீர்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். நேரத்தையும் சரியாகப் பதிந்துவிடுங்கள் என்கிறேன்.